தாய் எந்த மாதத்தில் குடித்தார் என்பதைப் பொறுத்துப் பிள்ளையின் மூளை பாதிப்பு மாறுமா?

வுஸ்டர் ஆசிரியை கேட்டது:

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் மாகாணத்தில், வுஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பள்ளியில் முதல் வகுப்பு எடுக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில். பள்ளியைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் திராட்சைத் தோட்டங்கள்தான். என் பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலானோர் அங்கே கூலி வேலை செய்கிறவர்கள். இந்தக் குழுவில் மருத்துவம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள். பெயர் வேண்டாம். பையனுக்குக் கருவிலேயே மதுவால் வந்த பாதிப்பு, அதாவது எஃப்.ஏ.எஸ்., என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வயதுக்கு மிகச் சிறிய உடம்பு, சிறிய தலை, குறுகலான கண்கள், மெல்லிய மேலுதடு. மூக்குக்குக் கீழே எல்லோருக்கும் இருக்கும் பள்ளம் அவனுக்கு இல்லை, சமமாக இருக்கிறது.

சிறுமிக்கு இதில் ஒன்றுமே இல்லை. லட்சணமான முகம், கணீரென்ற பேச்சு. ஆனால் எண்கள் அவளிடம் நிற்பதில்லை. திங்கட்கிழமை பத்து பாட்டில் மூடிகளைத் தொட்டுத் தொட்டுச் சரியாக எண்ணுவாள். செவ்வாய்க்கிழமை அதே மூடிகளை முன்னால் வைத்தால், முதல் முறை பார்ப்பவள் போல என் முகத்தைப் பார்ப்பாள். தாழ்வாரத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு அதன் மேல் நடக்கச் சொன்னால் மூன்றாவது அடியிலேயே கால் விலகிவிடும். கைகளை விரித்துச் சமாளித்துக் கோட்டுக்குத் திரும்புவாள், மறுபடி விலகுவாள். சட்டைப் பொத்தானை இன்னும் நான்தான் போட்டுவிடுகிறேன். சோம்பேறி, கவனமில்லாதவள் என்று மற்றவர்கள் சொல்லும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. அவள் எவ்வளவு பாடுபடுகிறாள் என்பதைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்ப்பவள் நான்.

பையனின் பாட்டி சொன்னது: மகள் கர்ப்பம் என்று தெரியும் வரை வார இறுதிகளில் நன்றாகக் குடித்தாள், தெரிந்த பிறகு ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. சிறுமியின் அத்தை சொன்னது இதற்கு நேர்மாறு. முதல் மாதங்களில் ஓயாத வாந்தி, அதனால் மது வாசனையே ஆகவில்லை. ஆறாம் மாதத்துக்குப் பிறகு, அறுவடைக் காலத்தில், சனி ஞாயிறுகளில் எல்லோரோடும் சேர்ந்து குடித்திருக்கிறார்.

எங்கள் ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு கருத்து. முதல் மூன்று மாதம்தான் ஆபத்து, பிறகு உறுப்பெல்லாம் உருவாகிவிடும், ஒன்றும் ஆகாது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். கடைசி மாதங்களில் ஒரு கோப்பை சிவப்பு வைன் ரத்தம் ஊற நல்லது என்று இன்னொருவர். எது சரி? காலம் மாறினால் பாதிப்பும் மாறுமா?

இன்னொரு கேள்வியும் உண்டு, இது என் சொந்தக் கவலை. கேப் டவுனில் இருக்கும் என் சித்தி மகள் இப்போது ஏழு வாரக் கர்ப்பிணி. தெரிவதற்கு முன் ஒரு விருந்தில் மூன்று கோப்பை வைன் குடித்திருக்கிறாள். இப்போது இரவெல்லாம் அழுகிறாள். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

---

சாட்ஸ்வொர்த் பெரியவர்:

அம்மா, நான் மருத்துவன் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தத் தாய்மாரைக் குற்றவாளிகளாகப் பார்க்கிறவர்கள் கேப் பண்ணைகளின் பழைய கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். கூலியின் ஒரு பகுதியை மட்ட ரக வைனாகவே ஊற்றிக் கொடுத்தார்கள். டாப் முறை என்பார்கள். காலையில் ஒரு குவளை, நடுப்பகலில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சட்டம் தடை செய்த பிறகும் 1990கள் வரை சில பண்ணைகளில் அது ஓயவில்லை. மூன்று நான்கு தலைமுறைகளைக் கணக்குப் போட்டுக் குடிக்கப் பழக்கிவிட்டு, இன்று பேத்தியைப் பார்த்து ஏன் குடித்தாய் என்று கேட்பது என்ன நியாயம்? கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வம்சம் நாம். இது நமக்குப் புரிய வேண்டும்.

---

டோங்காட் சிஸ்டர்:

பெரியவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். நான் ஓய்வு பெற்ற மருத்துவச்சி. பிறந்தது டோங்காட், வேலை பார்த்த காலத்தின் பெரும்பகுதி கேப் பிளாட்ஸ் பகுதியில், பிரசவ விடுதிகளில். அங்கே பிறந்த குழந்தைகளை இந்தக் கையால் ஏந்தியிருக்கிறேன். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

ஆசிரியை அம்மா, உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஆம், காலம் மாறினால் பாதிப்பும் மாறும். ஆனால் ஆசிரியர் அறையில் சொன்ன இரண்டுமே தவறு. முகம் பாதிக்கப்படும் காலம் குறுகியது. மூளைக்கோ ஒன்பது மாதமும் ஆபத்துக் காலம்தான். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால், உங்கள் வகுப்பில் இருக்கும் இரண்டு பிள்ளைகளும் ஏன் இப்படி வெவ்வேறாக இருக்கிறார்கள் என்பது விளங்கும்.

முதலில் வாரக் கணக்கு. கிளினிக்கில் ஆறு வாரம் என்று எழுதினால், அது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணியது. கரு தரித்து உண்மையில் நான்கு வாரம்தான் ஆகியிருக்கும். கீழே நான் சொல்லும் வாரங்கள் எல்லாம் கரு தரித்த நாளிலிருந்து எண்ணியவை.

மூன்றாம் வாரத்தில் கரு ஒரு சிறிய தட்டு போல இருக்கிறது. அந்தத் தட்டிலிருந்துதான் மூளையும் முதுகுத் தண்டுவடமும் கிளம்ப வேண்டும். முகமும் முன்மூளையும் அப்போது பக்கத்துப் பக்கத்தில், ஒன்றை ஒன்று நம்பி வளர்கின்றன. வட கரோலினாவில் கேத்லீன் சூலிக் என்ற விஞ்ஞானி 1981-இல் காட்டியது இதைத்தான். கருவுற்ற எலிக்கு ஏழாம் நாளில், அந்த ஒரே நாளில் மட்டும், மது கொடுத்தார். எலியின் ஏழாம் நாள் நமக்கு ஏறத்தாழ மூன்றாம் வாரம். பிறக்க வேண்டிய குட்டிகளின் முகத்தில் நீங்கள் உங்கள் பையனிடம் பார்க்கும் அதே அடையாளங்கள்: சிறிய கண், மழுங்கிய மூக்கடி, நீண்ட மேலுதடு. முன்மூளையும் குறைபட்டிருந்தது. இன்னும் ஒன்றரை நாள் தள்ளிக் கொடுத்தபோது முகத்தின் குறை வேறு விதமாக வந்தது.

நான்காம் வாரக் கடைசியில், 28-ஆம் நாள் வாக்கில், அந்தத் தட்டு சுருண்டு உருவாகும் நரம்புக் குழல் மூடிக்கொள்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்ற நினைப்பே வருகிறது. வார இறுதியில் குடிக்கும் பெண் அதற்குள் மூன்று நான்கு வார இறுதிகளைக் கடந்திருப்பாள், தெரியாமலே. இரண்டாம் மூன்றாம் மாதங்களில் உதடும் மூக்கடிப் பள்ளமும் உருவாகின்றன. சான் டியேகோவில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், முக அடையாளங்களோடு அதிகமாகத் தொடர்பு காட்டியது முதல் மூன்று மாதங்களின் பின்பாதிதான். அதற்குப் பிறகு முகம் தப்பித்துவிடுகிறது.

மூளை தப்பிப்பதில்லை. மூன்றாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதம் வரை நரம்பு செல்கள் கோடிக்கணக்கில் பிறந்து, பிறந்த இடத்தை விட்டு வெளிப்புறம் நோக்கிப் பயணம் செய்கின்றன. பெருமூளையின் அடுக்குகள் அப்படித்தான் அமைகின்றன. அந்தச் சமயத்தில் மது வந்தால் செல்கள் பிறப்பது குறைகிறது. பிறந்தவற்றில் சில வழியிலேயே நின்றுவிடுகின்றன, சில எல்லையைத் தாண்டிப் போய்விடுகின்றன. புள்ளி தவறிய கோலத்தில் பிறகு கோடு எப்படிச் சேரும்? இரண்டு பக்க மூளையையும் இணைக்கும் பாலமான கார்பஸ் கலோசம் கட்டப்படுவதும் இந்த மாதங்களில்தான். எஃப்.ஏ.எஸ். பிள்ளைகள் சிலருக்கு ஸ்கேனில் அது மெலிந்தோ, பின்பகுதி குறைந்தோ தெரிகிறது.

இப்போது உங்கள் சிறுமிக்கு வருகிறேன். கடைசி மூன்று மாதங்களில் புதிய உறுப்பு எதுவும் உருவாவதில்லை என்பது உண்மை. ஆனால் மூளை மிக வேகமாகப் பருப்பதும், செல்லுக்கும் செல்லுக்கும் இணைப்புகள் உண்டாவதும் அப்போதுதான். குறிப்பாகப் பிடரிப் பக்கத்தில் இருக்கும் சிறுமூளை. கோட்டின் மேல் நடப்பது, பொத்தான் போடுவது, கத்தரிக்கோல் பிடிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸும் இந்த மாதங்களில் வளர்கிறது. அத்தை சொன்னது சரியாக இருந்தால், ஆறாம் மாதத்துக்குப் பிறகு குடித்ததன் பாதிப்பு முகத்தில் எந்த அடையாளமும் இல்லாமல், நீங்கள் சாக்கட்டிக் கோட்டில் பார்த்தது போல வெளிப்பட இடம் உண்டு. நான் இணையத்தில் உட்கார்ந்து நோயைத் தீர்மானிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைச்சுற்றளவு, வளர்ச்சி, கேட்கும் திறன், பார்வை, மூளைத் திறன் சோதனை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குழு பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் அது. ஆனால் "முகம் நன்றாக இருக்கிறதே" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். கருவில் மதுவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் முகத்தில் அடையாளம் உள்ளவர்கள்தான் குறைவு. மற்றவர்களை நாம் அடங்காப்பிடாரி, மந்தம் என்று சொல்லிப் பின்வரிசையில் உட்கார வைத்துவிடுகிறோம். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

பையனின் தாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெரிந்த அன்றே நிறுத்தினார் என்றால், பின்னால் வந்த ஆறு ஏழு மாத வளர்ச்சியை அவர் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள். இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதைவிடக் கடுமையான கணக்கு ஒன்றும் உண்டு. கேப் டவுனிலும் அமெரிக்காவின் வட சமவெளிப் பகுதியிலும் சுமார் 12,000 கர்ப்பங்களைத் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. முதல் மூன்று மாதங்களுக்குப் பிறகும் குடியையும் புகையையும் இரண்டையும் தொடர்ந்த தாய்மாரின் குழந்தைகள், தொட்டிலில் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்துபோகும் வாய்ப்பு கிட்டத்தட்ட 12 மடங்கு. எவரோடு ஒப்பிட்டு? இரண்டையும் தொடாதவர்களோடும், முதல் மூன்று மாதத்துக்குள் நிறுத்திவிட்டவர்களோடும். நிறுத்தியவர்களின் குழந்தைகள் எந்தப் பக்கம் சேர்ந்தார்கள் என்று பாருங்கள். கடைசி மாதங்களில் வைன் நல்லது என்று சொன்னவரிடம் இதைக் காட்டுங்கள். ரத்தம் ஊற வேண்டுமானால் கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள்.

உங்கள் தங்கைக்கு: ஒரு விருந்தில் குடித்ததால் குழந்தை பாதிக்கப்பட்டுத்தான் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். பெரும்பாலான குழந்தைகள் அப்படிப்பட்ட ஒரு நாளைத் தாண்டி நல்லபடியாகவே பிறக்கிறார்கள். இன்றோடு நிறுத்தட்டும். கிளினிக்கில் முதல் பதிவின்போது அந்த நாளைப் பற்றி மறைக்காமல் சொல்லட்டும். நன்றாகச் சாப்பிடட்டும், முட்டையை விட வேண்டாம். அழுது அழுது தன்னை வருத்திக்கொள்ள வேண்டாம். என் எண்ணை நிர்வாகியிடம் கேட்டு வாங்கி அவளையே பேசச் சொல்லுங்கள், நான் பேசுகிறேன்.

---

ஸ்டெல்லன்போஷ் ஆய்வு மாணவி:

சிஸ்டர் சொன்னதற்கு மேல் இரண்டு விஷயங்கள் சேர்க்கிறேன். நான் நரம்பியல் ஆய்வகத்தில் படிக்கிறேன், ஊர் கோவை.

மனிதக் குழந்தையின் கடைசி மூன்று மாத மூளை வளர்ச்சி எலிக்குப் பிறந்த பிறகு, முதல் பத்து நாட்களில் நடக்கிறது. அதனால்தான் எலிக்குட்டிகளை வைத்து நாள் நாளாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது. சிறுமூளையில் புர்கின்ஜி செல் என்ற பெரிய நரம்பு செல்கள் இருக்கின்றன. பிறந்த 4 முதல் 6-ஆம் நாளுக்குள் மது கொடுத்தால் அவை கூட்டமாக மடிகின்றன. அதே அளவை 7 முதல் 9-ஆம் நாளுக்குள் கொடுத்தால் இழப்பு மிகக் குறைவு. இடைவெளி மூன்றே நாள். அதற்காக 7-ஆம் நாள் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆய்வாளர் ஜான் ஓல்னியின் குழுவினர் 2000-ஆம் ஆண்டில், சரியாக 7 நாள் வயதுக் குட்டிகளுக்குச் சில மணி நேரம் மட்டும் ரத்தத்தில் மது இருக்கச் செய்தார்கள். பெருமூளையின் பல பகுதிகளில் நரம்பு செல்கள் தாமாகவே செத்துப்போயின. இணைப்பு உண்டாக வேண்டிய வயதில் செல்லுக்கு வர வேண்டிய தூண்டுதல் நின்றுபோனால், நான் இங்கே தேவையில்லை என்று அது தன்னை அழித்துக்கொள்கிறது. ஒரு பகுதிக்கு ஆபத்து விலகும் நாளில் இன்னொரு பகுதிக்கு ஆபத்து தொடங்குகிறது. எந்த அட்டவணையில் தேடினாலும் காலியான நாள் கிடைக்காது.

அடுத்தது, எவ்வளவு என்பதைவிட எவ்வளவு வேகமாக என்பது. ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்த மதுவைவிட, அதைவிடக் குறைந்த அளவைச் சில மணி நேரத்துக்குள் கொடுத்தபோது குட்டிகளின் மூளை அதிகமாகச் சிறுத்தது. ரத்தத்தில் மது ஏறும் உச்சம்தான் காரணம். வெள்ளிக்கிழமை கூலி, சனிக்கிழமை இரவு முழுக்கக் குடி, மற்ற ஐந்து நாளும் ஒன்றும் இல்லை என்பதுதான் மேற்கு கேப் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் பழக்கம். வாரம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அளவு சாதாரணமாகத் தெரியும். சனிக்கிழமை இரவில் கருவுக்குப் போய்ச் சேர்ந்தது சாதாரணம் இல்லை. தாயின் ரத்தத்தில் இருப்பது நஞ்சுக்கொடி வழியே கிட்டத்தட்ட அதே அளவில் கருவுக்கும் போகிறது. அதைச் சிதைக்கும் திறன் கருவின் ஈரலுக்கு இன்னும் வரவில்லை. பனிக்குட நீரிலும் மது தங்கிவிடுகிறது.

ஆசிரியை அக்கா சொன்ன திங்கள், செவ்வாய் விஷயம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. கேப் டவுனில் ஆய்வாளர்களான ஜேக்கப்சன் தம்பதியின் குழு பிள்ளைகளுக்கு ஒரு எளிய சோதனை வைத்தது. ஒரு ஒலி கேட்கும், உடனே கண்ணில் மெல்லிய காற்று படும், பிள்ளை கண் சிமிட்டும். சில தடவைக்குப் பிறகு சாதாரணப் பிள்ளைகள் ஒலி கேட்டவுடனே, காற்று வருவதற்கு முன்பே, சிமிட்டக் கற்றுக்கொள்கிறார்கள். முழு எஃப்.ஏ.எஸ். இருந்த பிள்ளைகளில் ஒருவர்கூட அதைக் கற்றுக்கொள்ளவில்லை. 2008-இல் வெளியான முடிவு. இந்தக் கற்றல் நடப்பது சிறுமூளையில். ஆகவே நடை தடுமாறுவதும் பாடம் நிற்காததும் ஒரே வேரிலிருந்து வரலாம்.

சிஸ்டர் முட்டை என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. மஞ்சள் கருவில் கோலின் என்ற சத்து அதிகம். குடிப்பழக்கம் உள்ள கர்ப்பிணிகளுக்கு நாள் ஒன்றுக்கு 2 கிராம் கோலின் கொடுத்து அதே குழு கேப் டவுனில் ஒரு சிறிய ஆய்வு நடத்தியது. குழந்தைகளின் எடையும் தலைச்சுற்றளவும் பின்னர் தேறி வந்தன, கண் சிமிட்டும் சோதனையிலும் முன்னேற்றம் தெரிந்தது. சிறிய ஆய்வு, பெரிய அளவில் உறுதியாக வேண்டும். குடித்துவிட்டுக் கோலின் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

---

வுஸ்டர் ஆசிரியை:

இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தங்கையிடம் சிஸ்டர் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். நாளை அவளே பேசுவாள்.

ஒரு சந்தேகம். சிறுமியின் அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறவர்தான். ஆனால் இந்தப் பேச்சை எடுத்தால் கதவைச் சாத்திவிடுவாரோ என்று பயம். அத்தை சொன்னதை மட்டும் வைத்து நான் பரிந்துரைக் கடிதம் எழுதலாமா? வகுப்பில் இப்படி ஒரே ஒரு பிள்ளைதான் என்றால்கூடப் பரவாயில்லை. முதல் வகுப்பில் எட்டு ஒன்பது பேர் இப்படித் தடுமாறுவதாக எனக்குத் தோன்றுகிறது. நான் மிகைப்படுத்துகிறேனா?

---

டோங்காட் சிஸ்டர்:

மிகைப்படுத்தவில்லை அம்மா. உங்கள் பள்ளத்தாக்குக்கு மலையின் அந்தப் பக்கம் இருக்கும் வெலிங்டனில் 1997-இல் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். ஆயிரத்துக்கு 40-க்கும் மேல் முழு எஃப்.ஏ.எஸ். அதுவரை உலகில் எங்கும் பதிவாகாத எண்ணிக்கை அது. முக அடையாளம் இல்லாதவர்களையும் சேர்த்துப் பார்த்த பிற்கால ஆய்வுகளில், மேற்கு கேப்பின் சில ஊர்களில் ஐந்து ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவுக்கு வந்தது. 2017-இல் உலகம் முழுவதற்குமான மதிப்பீடு ஆயிரத்துக்கு 8 பேர், தென்னாப்பிரிக்காவுக்கு 111 பேர். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நீங்கள் சொல்லும் எண்ணிக்கை எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆனால் தடுமாறும் எல்லோருக்கும் மதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பசி, காதுச் சீழ், குடற்புழு, இரும்புச்சத்துக் குறைவு எல்லாமே பிள்ளையை இப்படித்தான் உட்கார வைக்கும்.

தாயிடம் கேட்கும் விதம்: "குடித்தீர்களா" என்று ஒருபோதும் தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு உலகம் முழுவதும் ஒரே பதில்தான் வரும். கர்ப்ப காலத்தில் என்ன சாப்பிட முடிந்தது, எது வயிற்றில் தங்கவில்லை, எந்த மாதம் வரை தோட்ட வேலைக்குப் போனார், வீட்டில் யார் உதவினார்கள் என்று தொடங்குங்கள். இங்கே ஆய்வு செய்தவர்களும் குடி பற்றிய கேள்விகளை உணவுக் கேள்விகளுக்கு நடுவில்தான் வைத்தார்கள். பிறகு, கர்ப்பம் என்று எப்போது தெரிந்தது, அதற்கு முந்தைய வார இறுதிகள் எப்படிப் போயின, தெரிந்த பிறகு எப்படி, அறுவடையின்போது எப்படி என்று நிகழ்ச்சிகளோடு சேர்த்துக் கேளுங்கள். மாதத்தின் பெயர் யாருக்கும் நினைவில் இருக்காது. ஈஸ்டர், அறுவடை, யாரோ ஒருவரின் கல்யாணம் நினைவில் இருக்கும். கேட்டுவிட்டு முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பதுதான் கடினமான பாகம்.

அத்தை சொன்னதைக் கடிதத்தில் உண்மை போல எழுத வேண்டாம். நீங்கள் கண்ணால் கண்டதை எழுதுங்கள். பாட்டில் மூடி, சாக்கட்டிக் கோடு, பொத்தான், இவற்றைத் தேதியோடு எழுதுங்கள். ஒரு மருத்துவருக்கு "கவனக் குறைவு" என்ற இரண்டு சொல்லைவிட அது நூறு மடங்கு உதவும். பிறந்தபோது கொடுத்த ரோட் டு ஹெல்த் என்ற குழந்தை நலப் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, பிறப்பு எடை, தலைச்சுற்றளவு, எத்தனை வாரத்தில் பிறந்தாள் என்பதைப் பார்த்து எழுதிச் சேருங்கள். காதும் கண்ணும் முதலில் பரிசோதிக்கப்பட வேண்டும் என்று தனி வரியாகக் கேளுங்கள்.

---

ஃபீனிக்ஸ் அம்மா:

சில ஆண்டுகளாக ஒரு வளர்ப்பு மகனைப் பார்த்துக்கொள்கிறேன். அவனுக்கும் இதே பாதிப்பு, முகத்தில் அடையாளம் எதுவும் இல்லை. மருத்துவ விஷயம் சிஸ்டர் சொல்லிவிட்டார். வீட்டிலும் வகுப்பிலும் எது உதவும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை. "பையை வைத்துவிட்டு, கை கழுவிவிட்டு, வந்து உட்கார்" என்றால் அவனுக்குக் கடைசி வார்த்தை மட்டும்தான் நிற்கும். பையை வை. அது முடிந்த பிறகு அடுத்தது. காலை வேலைகளைப் படமாக வரைந்து குளியலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். பல் துலக்கும் படத்துக்கு முன் நின்று விரலால் தொட்டுவிட்டுத்தான் தூரிகையை எடுப்பான். இன்றைக்கும் அப்படித்தான். தினமும் ஒரே இடம், ஒரே வரிசை, ஒரே பாட்டு. இடத்தை மாற்றினால் கற்றதும் போய்விடுகிறது. நேற்று தெரிந்தது இன்று தெரியவில்லை என்றால் மீண்டும் முதலிலிருந்து, குரல் உயர்த்தாமல் சொல்ல வேண்டும். தண்டனை இந்தப் பிள்ளைகளுக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை, ஏன் அடி விழுந்தது என்பதே அவர்களுக்கு விளங்குவதில்லை.

சியாட்டிலில் இந்தப் பிள்ளைகளை வளர்ந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்த ஆன் ஸ்ட்ரெய்ஸ்கத் என்ற அம்மையாரின் ஆய்வில், பின்னாளில் பள்ளியை விட்டுப் போவதிலிருந்தும் சட்டச் சிக்கல்களில் மாட்டுவதிலிருந்தும் காத்தவை என்று சொல்லப்பட்டவற்றில் இரண்டு: ஆறு வயதுக்கு முன் பாதிப்பைக் கண்டறிவது, அன்பான, மாறாத வீடு. உங்கள் சிறுமிக்கு ஆறு வயது தாண்டியிருந்தாலும் இன்னும் முதல் வகுப்பில்தான் இருக்கிறாள். கடிதத்தை இந்தத் தவணைக்குள் அனுப்பிவிடுங்கள், அடுத்த ஆண்டுக்குத் தள்ள வேண்டாம்.

பாதிப்பு கடுமையானது என்று மருத்துவர் உறுதி செய்தால், அரசின் சமூக உதவித்தொகை வழங்கும் சாசா அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளைக்கு 18 வயது ஆகும் வரை கிடைக்கும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருத்துவ அறிக்கை மூன்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அந்தத் தாய்க்குப் படிவம் நிரப்பத் தயக்கமாக இருந்தால் பள்ளிக்கு வரும் சமூகப் பணியாளரைக் கூட உட்கார்ந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.